அரியநாச்சி சுமந்த படம்

அந்தக் காலத்தில் ஒயர்களும் பெட்டிகளும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. அப்போது ஒயர்களுக்கு நிறம் கிடையாது. எல்லாம் கறுப்பு. டி.வி.யின் முதுகில் இருந்த ஓட்டைகளும் கறுப்பு. எந்தத் தலை எந்த ஓட்டையில் போக வேண்டும் என்று யாரும் வகுத்து வைக்கவில்லை.

ஒரு வீட்டில் ஒரு டி.வி. இருந்தது. அதற்குப் படமும் சத்தமும் கொண்டுபோய்க் கொடுக்க மூன்று ஒயர்கள் இருந்தன. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். மூத்தவள் அரியநாச்சி, நடுவுள்ளவள் பேச்சி, கடைக்குட்டி சுடலி. உடம்பு ஒட்டியே பிறந்தவர்கள். தலையும் காலும் மட்டும்தான் தனித்தனி.

ஒருத்தி படத்தைச் சுமப்பாள். மற்ற இருவரும் சத்தத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். சத்தம் லேசு, அதற்கு இரண்டு பேர். படம்தான் பாரம். வெளிச்சம், நிழல், நிறம் எல்லாம் அதில் அடங்க வேண்டும். அதற்கு ஒருத்தி. ஏன் இப்படி வைத்தார்கள் என்றால் பதில் இல்லை. எத்தனையோ வீடுகளில் அப்படித்தானே நடக்கிறது. ஆனால் அக்கா தங்கைகள் மூவரும் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று படம் சுமந்தவள் நாளை சத்தம் சுமப்பாள். டி.வி.யில் விளையாட அந்த வீட்டில் இருந்த பழைய கேம் பெட்டி அனுப்பிய படமும் பெரிதில்லை. ஒரு பந்து, இரண்டு மட்டை, அவ்வளவுதான். காலம் சுகமாகப் போனது.

பிறகு வீட்டுக்காரர் துரைப்பாண்டி புதுக் கேம் பெட்டி வாங்கி வந்தார். இதற்கு வேறு ஒயர் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். டி.வி.யின் முதுகிலும் அதற்கென்று ஒரு தட்டை வாய் இருந்தது. அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை.

"இருக்கிற ஒயரு ஓட்டையில போகுதுல்லா, அது போதும்" என்று துரைப்பாண்டி சொல்லிவிட்டார்.

ஓட்டையில் நுழைவது வேறு, பாரம் தாங்குவது வேறு. அதை யார் நினைத்தார்கள்?

புதுப் பொருள் வந்தால் ஆரத்தி சுற்றுவது அந்த வீட்டு வழக்கம். சுற்றி முடித்தபின், மிச்ச மஞ்சளும் சுண்ணாம்பும் இருந்த கிண்ணங்களை டி.வி. பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று படம் சுமக்கும் முறை பேச்சிக்கு. புதுக் கேம் பெட்டி இளவட்டம். துள்ளிக்கொண்டு வந்திருந்தது. "புடிங்கக்கா" என்று சொல்லி அள்ளி அள்ளிப் போட்டது. ஆட்டம் முடிந்தபோது பேச்சியின் உடம்பு அனலாகக் கொதித்தது.

"ஏட்டி, என்ன செய்யுது?" என்றாள் அரியநாச்சி.

"ஒண்ணுமில்லக்கா. மலை வந்துச்சு. மலை மேல மழை. மழைக்குள்ள ஒரு படை. எல்லாத்தையும் ஒரே நேரத்துல தலையில போட்டுட்டான்."

"நாளைக்கு என் முறை. வரட்டும், பாத்துக்கிடுதேன்" என்றாள் சுடலி. வாய்தான் அப்படிப் பேசியது. மூவரில் மெலிந்தவள் அவள்தான்.

அரியநாச்சிக்கு மனசு ஆறவில்லை. தங்கைகள் கண் அசந்த நேரத்தில் கிண்ணத்தில் இருந்த மஞ்சளில் தலையை முக்கினாள். படம் போகும் ஓட்டையைச் சுற்றியும் பூசினாள்.

"இனிமே மஞ்சள் ஓட்டையில மஞ்சத் தலைதான் போகணும். படம் என் பாடு. முறை கிறை எல்லாம் முடிஞ்சிது."

"இது என்ன புதுச் சட்டம்? எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?" என்று பேச்சி சண்டைக்கு வந்தாள்.

"கேட்டா விடுவீங்களாட்டி?"

"நீ மட்டும் மஞ்சள் பூசிக் கல்யாணப் பொண்ணாட்டம் நிப்ப, நாங்க கரிச்சட்டியா நிக்கணுமாக்கும்" என்று சொல்லிச் சுடலி சுண்ணாம்பில் தலையை விட்டாள். பேச்சிக்கு இரண்டிலும் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதையும் இதையும் சேர்த்துக் குழைத்துப் பூசினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சும்மா இருக்குமா? தலை செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதன்பின் நாளுக்கு நாள் படம் பெருத்தது. காடு வந்தது, கடல் வந்தது, ஆயிரம் வீடுள்ள பட்டணம் வந்தது. அரியநாச்சி ஒற்றைக் கம்பி. முழுவதையும் தாங்க முடியாமல் பாதியை வழியிலேயே சிந்தவிட்டாள். மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்படித்தான் அவளால் உயிரோடு இருக்க முடிந்தது.

டி.வி. சிடுசிடுத்தது. "இது என்ன, முகம்னும் தெரியல, மூக்குன்னும் தெரியல. வழியில கொட்டிட்டு வாறியாட்டி?"

"நான் முழுசாத்தான் மாமா குடுக்கேன்" என்றது கேம் பெட்டி. "உங்க வீட்டு ஆளு நடுவுல என்ன பண்ணுதோ, யாரு கண்டா?"

அரியநாச்சி அடுத்த படத்தை வாங்கத் தலையைக் கொடுத்தாள்.

"முடியலன்னு சொல்லிரு அக்கா" என்று பேச்சி கெஞ்சினாள்.

"சொன்னா உங்க ரெண்டு பேருல ஒருத்தியத்தான கூப்பிடுவாவ? சும்மா கிட."

ஒரு நாள் வீட்டுக்கு விருந்தாட்கள் வந்தார்கள். துரைப்பாண்டி பெருமையாகக் கேம் பெட்டியைப் போட்டுக் காட்டினார். அவர் மைத்துனன் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், உங்க டி.வி.க்குக் கண்ணுல புரை விழுந்திருக்கா?" என்றான். கூடம் முழுவதும் சிரித்தது.

டி.வி.க்கு அவமானம் தாங்கவில்லை. "கேட்டியா அரியநாச்சி? உன்னால எனக்குக் குருட்டுப் பட்டம். வந்தவன் போனவன் எல்லாம் சிரிக்கான்."

அவள் தலையை ஓட்டையில் இறுக்கிப் பொருத்திக்கொண்டாள். பிறகு, "இன்னைக்கு ஒரு பொட்டு சிந்தாமக் கொண்டாறேன் மாமா" என்றாள்.

"அக்கா, வேண்டாம்" என்றாள் சுடலி.

கேம் பெட்டி கடைசிப் போரை அனுப்பியது. குதிரைப்படை, தீ, புழுதி, பின்னால் அந்தி வானம். அரியநாச்சி அத்தனையையும் வாங்கினாள். எதையும் நழுவ விடவில்லை. அந்த டி.வி. பிறந்தது முதல் பார்த்திராத படம் அன்று வந்தது. குதிரையின் பிடரி மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. மரத்தில் இலை இலையாகத் தெரிந்தது. விருந்தாட்கள் திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"ஆத்தா, இவ்வளவு அழகையா சுமந்துக்கிட்டிருந்த?" என்றது டி.வி.

அவ்வளவுதான். திரை இருண்டுவிட்டது.

சத்தம் மட்டும் நிற்கவில்லை. தங்கைகளுக்கு என்ன தெரியும்? அவர்கள் பாட்டுக்குக் குளம்புச் சத்தத்தையும் வாள் சத்தத்தையும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். இருட்டுக்குள் போர் மட்டும் கேட்டது.

"அரியநாச்சி, படத்தைக் கொண்டா" என்றது டி.வி. "நான் இனி ஏசமாட்டேன், கொண்டா ஆத்தா."

பேச்சிதான் முதலில் தொட்டுப் பார்த்தாள். மேலே மஞ்சள் அப்படியே இருந்தது. உள்ளே கம்பி அறுந்து கிடந்தது.

"அக்கா பேசமாட்டேங்கா" என்றாள். சத்தமும் நின்றது.

கேம் பெட்டிதான் வாயைத் திறந்தது. "மாமா, அவங்க எவ்வளவு தாங்குவாங்கன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"நீ கேட்டியால? அள்ளிக் கொட்டுனவன் நீதான?"



துரைப்பாண்டி மூன்று ஒயர்களையும் உருவி எடுத்தார். இரண்டு பேருக்கு உயிர் இருந்தது. ஒட்டிப் பிறந்தவர்களை எப்படிப் பிரிப்பது? குப்பையில் போடவும் மனம் வரவில்லை. நேராகச் சுருட்டிப் பையில் போட்டு அலமாரி மேல் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தபோது சிக்கிக் கிடந்தன. தங்கைகள் அக்காளைக் கட்டிக்கொண்டிருந்ததை அவர் சிக்கல் என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு கடைக்காரர் அன்றே சொன்ன ஒயர் வந்தது. தட்டை வாய்க்காரி. அவள் உறைக்குள் பல கம்பிகள். படமும் சத்தமும் அவற்றுக்குள் பங்கிட்டுக்கொள்ளும், ஒருத்தி தலையில் விழாது. அவள் வந்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்றாள். வேலை ஒன்றும் வரவில்லை. திரை இருட்டாகவே இருந்தது.

"என்ன மாமா, படம் அனுப்பலியா?" என்றாள்.

"பொறு தாயி" என்றது டி.வி. "உன்னால எவ்வளவு முடியும், என்னால எவ்வளவு முடியும்னு முதல்ல கேட்டுக்கிடுதோம்."

அன்று முதல்தான், கேம் பெட்டியை மாட்டி டி.வி.யைப் போட்டால் படம் உடனே வருவதில்லை. திரை கொஞ்ச நேரம் கறுத்துக் கிடக்கிறது. ஐயோ, கெட்டுப்போய்விட்டதோ என்று நாம் பதறுகிறோம். கெட்டுப்போகவில்லை. அரியநாச்சியிடம் கேட்காமல் விட்டதை இரண்டு பெட்டிகளும் அந்த இருட்டில் கேட்டுக்கொண்டிருக்கின்றன.