கவிழ்த்த பாட்டில்

மெழுகு கலந்த கச்சா எண்ணெய் குளிரில் உறைந்துபோவதைப் பற்றி மூன்று வருஷம் ஆராய்ந்து, பெட்ரோலிய இதழுக்குக் கட்டுரை எழுதி முடித்தாள் ஜெசிந்தா. ஆய்வகத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காத துறைத்தலைவர் அம்பலவாணன் அவளைத் தன் ஏசி அறைக்குக் கூப்பிட்டார். மற்றப் பேராசிரியர்கள் முன்னால் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

“முதல்ல என் பேரைப் போடும்மா. உன் பேரு கடைசியில, நன்றி சொல்ற இடத்துல வந்தா போதும். சோதனை எல்லாம் நான் செஞ்சதுதானே?”

ஜெசிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வருகிறவர்களிடம் காட்டிப் பெருமையடிக்க அவர் மேஜையில் வைத்திருந்த அதே எண்ணெய் பாட்டிலைத் திறந்து, அவருடைய வெள்ளைச் சட்டைக்கு நேரே கவிழ்த்தாள்.

“ஐயையோ, சட்டை போச்சு!” என்று அலறிக்கொண்டு சுவரோரம் பாய்ந்தார்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

“ஏசியில உறைஞ்சு கிடக்கு சார்,” என்றாள் ஜெசிந்தா. “முதல் பேரு கேக்கறவரு, முதல் வரியையாவது படிச்சிருக்கலாம்.”