இருவாச்சியின் மஞ்சள் தலைக்கவசம்

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பொதிகை மலையில் இருவாச்சிப் பறவைகளுக்கென்று இரண்டு கல்லூரிகள் இருந்தன. ஒன்று மேல்மலைக் கல்லூரி, இன்னொன்று கீழ்மலைக் கல்லூரி. கல்லூரி என்றதும் கட்டடத்தையும் மணியையும் தேட வேண்டாம். எந்த மரம் எப்போது பழுக்கும், மழை எந்தப் பக்கமிருந்து வரும், மரப்பொந்தின் வாசலை எப்படிப் பூச வேண்டும், இவ்வளவுதான் பாடம். அந்தப் பாடத்திலும் யாருக்கும் பெரிய அக்கறை கிடையாது. எல்லாருக்கும் உயிர் பந்தாட்டத்தில்தான் இருந்தது.

அயினிப் பலாவின் காய்தான் பந்து. நீள்வட்டமாக, தோலெல்லாம் முள்ளாக இருக்கும். அதை அலகில் கவ்விப் பறந்துபோய் எதிரணி மரத்தின் பொந்தில் போட்டால் ஒரு புள்ளி. தடுக்க வருகிறவன் தலையால் முட்டலாம். ஆண்டுக்கு ஒரு முறைதான் ஆட்டம். பள்ளத்தாக்கின் நடுவில் நின்ற பெரிய அத்திமரம், ஜெயிக்கிற கல்லூரிக்கு அந்தப் பருவம் முழுக்கச் சொந்தம். தோற்றவர்கள் வேறு பிழைப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அன்றைக்கு எல்லா இருவாச்சிகளும் ஒரே சாம்பல் நிறம், ஒரே அளவு, ஒரே மொட்டைத் தலை. மலையில் மேகம் இறங்கிவிட்டால் யார் நம்மவன், யார் எதிரி என்று பெற்ற தாய்க்கே தெரியாது. முட்டிக்கொண்டு விழுந்தவர்களில் பாதிப் பேர் சொந்த அணிக்காரனோடுதான் முட்டியிருப்பார்கள்.

மேல்மலை அணிக்குத் தலைவன் இசக்கி. அவன் மனைவி பேச்சி அப்போது மரப்பொந்துக்குள் இருந்தாள். முட்டையிடும் காலத்தில் இருவாச்சிப் பெண்கள் பொந்துக்குள் போய், மண்ணும் பழக்கூழும் எச்சமும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்வார்கள். காய்ந்தால் அந்தப் பூச்சு கல்லாகிவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருப்பார்கள். அதன் வழியாகக் கணவன் பழம் ஊட்ட வேண்டும். மேல்மலை அணியில் ஆடிய அத்தனை பேர் வீட்டிலும் அப்போது இதே நிலைமை.

கீழ்மலைக்காரர்களுக்கு அத்தி போனாலும் ஆற்றோரம் நாவல் இருந்தது. மேல்மலைக்கு அத்தியை விட்டால் கதியில்லை. முந்தைய ஆண்டு தோற்றதில் மேல்மலைக் குஞ்சுகள் பல பசியில் செத்துப்போயின. இசக்கிக்கும் பேச்சிக்கும் பிறந்த முதல் குஞ்சும் அப்படித்தான் போயிற்று. இந்த ஆண்டு இன்னொன்று பொரித்திருந்தது.

ஆட்ட நாள் வந்தது. நடுவர், தாடி வைத்த சிங்கவால் குரங்கு. அவர் காயைத் தூக்கிப் போட்டதுதான் தாமதம், மேகமும் இறங்கிவிட்டது. இசக்கி காயைக் கவ்விக்கொண்டு பறந்தான். பின்னால் இரண்டு பேர் துரத்தினார்கள். பக்கத்தில் ஒரு சாம்பல் உருவம் தெரிந்தது.

"எல, இந்தா புடி!" என்று காயை வீசினான்.

அந்த உருவம் அழகாகப் பிடித்துக்கொண்டது. "ரொம்பச் சந்தோசம் அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டுப் போய் மேல்மலைப் பொந்திலேயே போட்டது. அது கீழ்மலைத் தலைவன் வண்டிமலையான். இசக்கிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இடைவேளை வந்தபோது மேல்மலை மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. பாதிப் பேருக்குத் தலை வீங்கியிருந்தது. ஒருவன் கிளையைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

இசக்கி வெறும் அலகோடு பேச்சியின் மரத்துக்குப் போனான். உள்ளே குஞ்சு கத்திக்கொண்டிருந்தது.

"என்ன, சும்மா வந்திருக்கிய?" என்றாள் பேச்சி கீறல் வழியாக.

"தோத்துருவோம் போல இருக்குட்டி. மேகத்துல ஆளு அடையாளம் தெரியல. நானே அவன் கையில தூக்கிக் கொடுத்துட்டேன். முட்டி முட்டி மண்டையும் போச்சு."

உள்ளேயிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டது. பேச்சி தன் வாசலைக் கொத்திக்கொண்டிருந்தாள்.

இசக்கி பதறிவிட்டான். "ஏட்டி, என்ன செய்யுத? மரநாய் சுத்திட்டு அலையுது! கதவ ஒடச்சா புள்ளைக்கு ஆரு காவல்?"

"அத்தி போச்சுன்னா மரநாய்க்கு என்ன வேலை? பசியே கொன்னுரும். போன வருசம் பாத்தோம்லா? நான் இன்னொரு புள்ளையப் பறிகொடுக்க மாட்டேன். இந்தப் பூச்சு கல்லு மாதிரி கெடக்கு. இத மண்டையில மாட்டிட்டுப் போங்க. இப்ப எவன் முட்டுதான்னு பாப்போம்!"

வாசல் உடைந்து விழுந்தது. இருவாச்சிக் குலத்தில் குஞ்சு பறப்பதற்கு முன் ஒரு தாய் தன் வாசலை உடைத்தது அதுதான் முதல் தடவை. சத்தம் கேட்டுப் பக்கத்து மரத்துப் பெண்கள் என்ன ஏதென்று விசாரித்தார்கள். விஷயம் தெரிந்ததும் காடெல்லாம் டொக் டொக்கென்று ஒரே சத்தம். மேல்மலை மரங்களில் ஒரு வாசல்கூட மிஞ்சவில்லை.

உடைந்த துண்டுகளை ஈரமண் குழைத்து ஒட்டி, முதலில் செய்த கவசம் தட்டையாக இருந்தது. பறந்தவுடன் சரிந்து கண்ணை மறைத்தது. அடுத்ததைக் கனமாகச் செய்தார்கள். அதை மாட்டியவன் தலையைத் தூக்க முடியாமல் குப்புற விழுந்தான். பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள ஒண்ணும் வைக்காம பொள்ளலா விடுங்க. முன்னால தோணி மாதிரி வளைச்சுத் தூக்குங்க!" என்று அவளே முன்னால் நின்று குழைத்துக் கொடுத்தாள். அது அலகின் மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. தூக்கினால் கனமில்லை, தட்டினால் கணீர் என்றது.

அடுத்தது நிறம். இங்கேதான் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவன் சிவப்பு என்றான், ஒருவன் கோடு கோடாக வேண்டும் என்றான், இன்னொருவன் வாலில் புள்ளி வைக்கலாமா என்று கேட்டான். நடுவர் வேறு அங்கே கத்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஓடைக்கரைக் கருஞ்சேற்றை உடம்பில் பூசினார்கள். இறக்கையிலும் கழுத்திலும் வாலிலும் வெள்ளைமண் பட்டை அடித்தார்கள். பேச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, திருப்தியில்லாமல், தன் வால் அடியில் ஊறும் நெய்யை அலகால் எடுத்துக் கவசத்திலும் கழுத்திலும் இறக்கைப் பட்டையிலும் தடவிவிட்டாள். பளிச்சென்று மஞ்சள்! மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள்.

மேல்மலை அணி இறங்கியதைப் பார்த்ததும் கீழ்மலைக்காரர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எச்சத்த எல்லாம் தலையில தூக்கி வச்சிட்டு வந்திருக்கானுவ பாருல!" என்றான் வண்டிமலையான். கெக்கெக்கே என்று கிளையில் உருண்டு சிரித்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. வண்டிமலையான் சிரிப்பு அடங்காமலே வந்து இசக்கியை முட்டினான். டங்! மலை முழுக்க எதிரொலித்தது. வண்டிமலையான் மூன்று சுற்றுச் சுற்றிப் புதரில் விழுந்தான். இசக்கி அசையவே இல்லை.

பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? மேகம் எவ்வளவு அடர்ந்தாலும் மஞ்சள் தெரிந்தது. மஞ்சளைப் பார்த்து வீசினார்கள், மஞ்சள் பிடித்தது. ஒரு புள்ளி, இரண்டு, மூன்று! கணக்கு சமமாயிற்று. அடுத்த புள்ளி யாருக்கோ, அவர்களுக்கு அத்தி.

காய் இசக்கியின் அலகில் இருந்தது. எதிரே பொந்து, தடுக்க ஆளில்லை. அப்போது பேச்சியின் அலறல் கேட்டது. திரும்பிப் பார்த்தான். மரநாய் அவள் மரத்தில் பாதி ஏறியிருந்தது. கதவில்லாத வாசலில் பேச்சி இறக்கையை விரித்துக் குஞ்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

முந்தைய ஆட்டமாக இருந்தால் அவன் அங்கேயே தடுமாறி இரண்டையும் விட்டிருப்பான். இப்போது யோசிக்கவில்லை. மேகத்துக்குள் ஒரு மஞ்சள் பொட்டு தெரிந்தது. அந்தப் பக்கம் காயை வீசிவிட்டு, யார் பிடித்தார்கள் என்றுகூடப் பார்க்காமல், கவசத்தை முன்னால் நீட்டிக்கொண்டு பாய்ந்தான். இறக்கைச் சத்தத்தில் காடே அதிர்ந்தது. மரநாயின் விலாவில் போய் முட்டினான். அது மரத்திலிருந்து தெறித்து ஓடையில் விழுந்து, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

அதே நேரத்தில் அங்கே நடுவர் இரண்டு கையையும் தூக்கி, "மேல்மலைக்குப் புள்ளி! ஆட்டம் முடிஞ்சுது!" என்று கத்தினார்.

மலையில் அன்றைக்கு எழுந்த ஆரவாரம் அருவிச் சத்தத்தையே அமுக்கிவிட்டது. மேல்மலைக்காரர்கள் அத்திமரத்தில் போய் விழுந்தார்கள். இசக்கி தொண்டை நிறையப் பழம் கொண்டுவந்து ஊட்டினான். பேச்சி குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுத் தானும் தின்றாள். தின்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பொழுது சாய்வதற்குள் வாசலைத் திரும்பப் பூசியும் விட்டாள்.

ஆட்டம் முடிந்ததும் கவசத்தைக் கழற்றப் பார்த்தார்கள். முடியவில்லை, தலையோடு ஒட்டிப்போயிருந்தது. "இருந்துட்டுப் போகட்டும், நல்லாத்தான இருக்கு" என்றாள் பேச்சி. கருப்பும் வெள்ளையும்கூட உடம்போடு ஊறிவிட்டன. மஞ்சள் மட்டும் மழையில் கரைந்தது.

அத்தியைத் தின்று தின்று மேல்மலைக்காரர்கள் பெருத்து, பெரிய இருவாச்சி என்று பேர் வாங்கினார்கள். கீழ்மலைக்காரர்கள் மொட்டைத் தலையோடு, சின்ன உருவமாக, சாம்பல் இருவாச்சியாகவே நின்றுவிட்டார்கள். கவசத்தைப் பார்த்தால் இப்போதும் கெக்கெக்கே என்று அதே சிரிப்புதான். சிரிக்கட்டுமே! மனிதர்களின் கல்லூரி அணிகள் ஆண்டுக்கொரு கவசமும் சட்டையும் மாற்றிப் பார்க்கின்றன. பெரிய இருவாச்சிக்கு ஒருமுறை ஜெயித்த அந்த உடையே போதும்.

அன்று முதல்தான் பெரிய இருவாச்சி, ஆணானாலும் பெண்ணானாலும், கழுத்தைப் பின்னால் வளைத்து வால் அடியிலிருந்து நெய்யெடுத்து, மேல்மலையின் மஞ்சளைத் தன் கவசத்திலும் இறக்கையிலும் தானே பூசிக்கொண்டு, காடு அதிரப் பறக்கிறது.