கோபத்துக்குச் சொல் தீர்ந்த அன்று

காரையாற்று நாட்டு ராஜா வீரகண்டருக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டுமா என்ன? ரசம் ஆறிப்போனால் கோபம். அதே ரசம் நாக்கைச் சுட்டால் அதற்கும் கோபம்!

அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ராஜா வாயால் சொன்னால் மட்டும் கட்டளை ஆகிவிடாது. ஏட்டில் முதலில் 'ராஜா இன்னது செய்தார்' என்று காரணம் எழுத வேண்டும், அப்புறம் கட்டளை. ஏட்டில் ஏறாத கட்டளைக்குக் காவலாளி காலை எடுத்து வைக்கமாட்டான். ஏடு எழுதுபவர் பிச்சாண்டி. சாயங்காலம் அன்றைய ஏட்டைச் சபையில் வாசிப்பதும் அவர்தான்.

ஒருநாள் வாசிப்பில் 'ராஜா கோபப்பட்டார்' என்று பதினோரு தடவை வந்தது. பிச்சாண்டியைக் கண்டாலே ஆகாத தளவாய் நாகலிங்கம் மெல்ல எழுந்தார்.

"மகாராஜாவின் கோபம் என்ன சாதாரணக் கோபமா? அதற்கு ஒரே சொல்தானா? பிச்சாண்டிக்குத் தமிழ் வற்றிவிட்டதோ!"

ராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "பிச்சாண்டி, இன்றிலிருந்து ஒரு மாதம் என் கோபத்துக்கு எழுதிய சொல்லை மறுபடி எழுதக்கூடாது. 'கோபம்' ஏற்கெனவே தீர்ந்தது. மீறினால் நாட்டைவிட்டே போக வேண்டும். எழுதிக்கொள்!"

பிச்சாண்டி தன் தலைக்குத் தானே எழுதிக்கொண்டார். மனைவி பொன்னுருவிக்கு நிறைமாசம். எல்லைக்கு அப்பால் வெறும் காடு. பிள்ளைத்தாய்ச்சியை அழைத்துக்கொண்டு எங்கே போவார், பாவம்!

ஆனாலும் மனிதர் சமாளித்தார். குதிரை பட்டு அங்கவஸ்திரத்தில் தும்மியதா? 'சீறினார்.' நாவிதன் மீசையில் ஒரு முடி கூடுதலாக எடுத்தானா? 'வள்ளென்று விழுந்தார்.' பாயசத்தில் முந்திரி இல்லையா? 'கொதித்தார்.'

கொசு கடித்த அன்று ராஜாவே கேட்டார். "வெகுண்டார் என்று போடேன், கம்பீரமாக இருக்கும்."

"ஐயையோ, அது பகையரசனைப் பார்த்து வரவேண்டியது மகாராஜா. கொசுவுக்குச் செலவழிக்கலாமா? 'எரிந்து விழுந்தார்' போதும்."

"அப்போ 'தாம்தூம் என்று குதித்தார்'?"

"அதற்குக் கால் தரையைவிட்டு எழும்ப வேண்டுமே. தாங்கள் உட்கார்ந்தல்லவா இருக்கிறீர்கள்!"

மறுநாளே ராஜா எழுந்து குதித்தார். பிச்சாண்டி நன்றியோடு எழுதிக்கொண்டார். சிடுசிடுத்தார், கடுகடுத்தார், குமுறினார், பொரிந்து தள்ளினார், எகிறினார் எல்லாம் ஏறின. மாதத்தின் கடைசி நாள் காலையில் யானை மண்டியிட மறுத்தது. மிச்சமிருந்த 'வெகுண்டார்' யானைக்குப் போயிற்று.

இதற்குத்தான் காத்திருந்தார் தளவாய். சாயங்காலம் சபையில் ஒரே போடாகப் போட்டார். "மகாராஜா, தாங்கள் மீசைக்கு மை பூசுவதாகப் பிச்சாண்டி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்!"

பச்சைப் பொய். ஆனால் ராஜாவின் மீசை துடித்தது.

"என்ன! என் மீசையா? மையா? இப்போதே இவனை நாடு கடத்துங்கள்! எழுதுடா!"

பிச்சாண்டி எழுத்தாணியை எடுத்தார். 'ராஜா' என்று எழுதினார். அதோடு நிறுத்திவிட்டார்.

"ஏன் நின்றுவிட்டாய்?"

"காரணம் எழுத வேண்டுமே மகாராஜா. ராஜா என்ன செய்தார்? என்னிடம் இருந்த சொல் எல்லாம் தீர்ந்துவிட்டது. பழையதை எழுதினால் தங்கள் கட்டளையை மீறியவன் ஆவேன். எழுதாவிட்டாலோ தங்களுக்குக் கோபமே வரவில்லை, நானும் எங்கும் போகவில்லை."

காவலாளிகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ராஜா தளவாய் பக்கம் திரும்பினார். "நீர் ஒரு புதுச் சொல் சொல்லும்!"

"சீ... சீறினார்?"

"அது குதிரைக்கு," என்றார் பிச்சாண்டி.

"கொதித்தார்?"

"அது பாயசத்துக்கு."

"தாம்தூம்..."

"அதை நானே குதித்துக் கொடுத்தேனே ஐயா!" என்று ராஜாவே கத்தினார். கத்தியவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். குதிரை, கொசு, முந்திரி, ஒரு மீசை முடி... ஒரு மாதமாக இதற்கெல்லாமா ஆடினோம்? வெட்கம் வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. சிம்மாசனம் கிடுகிடுக்கச் சிரித்தார்.

பிச்சாண்டி சரசரவென்று எழுதினார்.

"என்னடா எழுதுகிறாய்? வாசி!"

"ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தச் சொல் இந்த ஏட்டில் ஏறுவது இதுவே முதல் தடவை."

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதன் கீழே எழுது: காரணம், சிரித்தார். கட்டளை, பிச்சாண்டியின் பிள்ளைக்கு அரண்மனை வெள்ளித் தொட்டில். தளவாய் அதைத் தன் தலையில் சுமந்துபோய் வீட்டில் இறக்க வேண்டும். அப்புறம் பிச்சாண்டி, இந்தச் சொல்லை மட்டும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதிக்கொள்!"