ஏறாத சார்ஜ்

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குக் குணசீலன் ஓய்வெடுக்கத்தான் வந்தார். பக்கவாதத்தில் விழுந்த மனைவி செண்பகவல்லியை விட்டு அகலாமல் கவனித்ததில் அவரே பாதி ஆளாகியிருந்தார். "அக்காவை நான் பாத்துக்கறேன், நீங்க ஒரு வாரம் போயிட்டு வாங்க மாமா" என்று மைத்துனிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஆசிரமத்தை நடத்திவந்த தையல்நாயகி அம்மை அவருடைய குரு. வயதில் அவரைவிட இளையவர்.

வந்தும் அசதி தீரவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால் பாதியிலேயே எழுந்து அறைக்கு ஓடினார். ஒருநாள் காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு குருவிடம் வந்துவிட்டார்.

"அம்மா, இங்கே யாருக்காவது இதைப் பத்தித் தெரியுமா? சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. போட்டாலும் சட்டுன்னு ஏற மாட்டேங்குது."

அம்மை தொட்டுப் பார்த்தார். சுட்டது.

"சார்ஜ் ஏறும்போது இது என்ன செய்யுது?"

"செண்பகத்தைப் பாத்துக்கிட்டிருக்கு."

திரையைத் திருப்பிக் காட்டினார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் பொருத்திவிட்டு வந்த கேமரா, படுத்திருந்தவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

"எந்நேரமுமா?"

"கண்ணை எடுத்தா ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கும்மா."

சொல்லி வாய் மூடவில்லை, படம் இருண்டது.

"போச்சு, சார்ஜ் தீந்துடுச்சு!"

"லேப்டாப் ஓடிக்கிட்டுதான் இருக்கு. படம்தான் தெரியலை" என்றார் அம்மை.

குணசீலனுக்கு வேர்த்துவிட்டது. மைத்துனியின் கைப்பேசிக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். யாரோ எடுத்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது.

"என்னம்மா ஆச்சு? அக்கா எப்படி இருக்கா?"

"நான்... தாங்க."

செண்பகவல்லியின் குரல். சொல் சொல்லாக, இழுத்து இழுத்து வந்தது.

"நீ ஏன் எடுக்கறே? அவ எங்கே?"

"துணி... காயப்போட... போயிருக்கா."

"இங்கே எல்லாம் இருட்டாயிடுச்சு செண்பகம்!"

"துண்டு... போட்டு மூடிட்டேன். சும்மா... மொறைச்சுக்கிட்டே இருந்துச்சு."

"மூடிட்டியா? நீயா?"

"நான்தான். வலது கையால."

வலது கை. தண்ணீர்த் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்த கை. அவரும் அதைப் பிடிக்க விட்டதில்லை. ஏதோ சொல்ல வந்தார், விசும்பல்தான் வந்தது.

"அழறீங்களா? துண்டை... எடுக்க மாட்டேன். போய்... நல்லாத் தூங்குங்க."

அவள் வைத்துவிட்டாள். குணசீலன் அழுதார். பிறகு, அவள் கேமராவைத் திட்டியது நினைவுக்கு வந்து சிரித்தார்.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"இதைக் கடையில குடுத்துப் பேட்டரியை மாத்திடட்டுமா அம்மா?"

"முதல்ல மூடிவெச்சு சார்ஜ் போடுங்க."

மூடினார். அறைக்குக் கொண்டுபோய்ச் செருகிவிட்டு, பக்கத்திலேயே பாயில் சாய்ந்தார். மதியச் சாப்பாட்டு மணி அவர் காதில் விழவே இல்லை.

வெயில் தாழ்ந்த வேளையில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த குருவின் முன் லேப்டாப்போடு வந்து நின்றார். கன்னத்தில் பாயின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது.

"அம்மா, முழுசா ஏறிடுச்சு."

அம்மை லேப்டாப்பைப் பார்க்கவில்லை.

"தெரியுது" என்றார்.