பங்குனிக் கத்திரிக்காய்

கோயம்புத்தூரில் அமுதவனம் என்று ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வனம் என்று பெயர் வைத்துவிட்டோமே என்று வாசலில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரத்தை நட்டு வைத்திருக்கிறார்கள். வாட்ச்மேன் வாரம் ஒரு முறை அதற்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றச் சொன்னது குடியிருப்போர் சங்கம். இந்தக் கதையில் வருகிறவர்கள் எப்பேர்ப்பட்ட அறிவாளிகள் என்பதை நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சங்கத்துக்கு மாசி மாதத்தில் ஒரு சத்துணவு நிபுணர் அம்மா வந்து பேசினார். பேசிய நேரத்தில் பாதி மைக் வேலை செய்யவில்லை. வேலை செய்த பாதியில் மூன்று விஷயம் சொன்னார். உங்கள் ஊரில் விளைந்ததையே உண்ணுங்கள். அந்தந்தப் பருவத்தில் விளைந்ததையே உண்ணுங்கள். எங்கே விளைந்தது என்று கண்ணால் பார்த்து வாங்குங்கள். சொல்லிவிட்டுக் காபி குடித்துக் காரேறிப் போய்விட்டார். போனவருக்கு என்ன, பாவம், விட்டுப்போனது யாரிடம் என்று அவருக்குத் தெரியாது.

மூன்று பேர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஆறுச்சாமி, சங்கத் தலைவர். மேடையில் பேசுவது போலவே வீட்டிலும் பேசுகிற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் வள்ளிநாயகம். மூன்றாமவர் நம்முடைய நாச்சிமுத்து. மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தவர், நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார். நாச்சிமுத்துவின் மகள் கயல்விழி அந்த மூன்று விதிகளையும் அழகாகத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாள்.

பங்குனி முதல் நாள் சனிக்கிழமை. அன்றைக்கு மதியம் ஈரோட்டில் இருந்து கயல்விழியைப் பெண் கேட்டு வருகிறார்கள். பையன் பெயர் கவின். கயல்விழிக்கு அவனை ரொம்பவும் பிடித்துவிட்டது. ஏற்கெனவே மூன்று வரன்கள் கைக்கு வந்து நழுவியிருந்தன. மூன்று முறையும் சாப்பாட்டு நேரத்தில் நாச்சிமுத்து வாயைத் திறந்திருந்தார். அதனால் இந்த முறை அவர் மனைவி சுலோசனா அவருக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள்.

"ஏனுங்க, மாப்பிள்ளையோட அப்பா குழந்தைவேல் அண்ணனுக்கு எண்ணெய்க் கத்திரிக்கான்னா உசுராமா. உழவர் சந்தைக்குப் போயி மூணு கிலோ கத்திரிக்கா வாங்கிட்டு வாங்க. ஒம்பது மணிக்குள்ள ஊட்டுக்கு வந்தரோணும். வேற ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆரு கிட்டயும் பேச வேண்டாம்."

"சரி" என்றார் நாச்சிமுத்து. மகள் வாழ்க்கை தன் பையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்தப் படபடப்போடு நேராகப் போய் மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டார்.

ஆறுச்சாமி முந்தின வாரமே ஒரு வரைபடத்தில் இருபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார். வட்டத்துக்குள் விளைந்தால் நம்ம ஊர், வெளியே விளைந்தால் அயலூர். காம்பஸ் முள்ளை எங்கே ஊன்றுவது என்பதில்தான் மூன்று நாள் சண்டை நடந்தது. ஆளாளுக்குத் தன் வீட்டுச் சமையலறைதான் நடு என்றார்கள். கடைசியில் யாருக்கும் மனக்கசப்பு வேண்டாம் என்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நடுவாக வைத்தார்கள்.

காலை ஆறரைக்கு மூவரும் சந்தைக்குள் நுழைந்தார்கள். பங்குனி வெயில் இன்னும் சூடு பிடிக்கவில்லை. மாவடு வந்து குவிந்திருந்தது, முருங்கைக்காய் கட்டுக்கட்டாகக் கிடந்தது. மாராத்தாள் என்கிற விவசாயி அம்மாவின் கடையில் நீல வரி போட்ட கத்திரிக்காய் பளபளவென்று மின்னியது. வேறு மனிதராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் எடை போட்டு வாங்கிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

"ஏம்மா, எந்த ஊருக் காயி?" என்றார் ஆறுச்சாமி, வரைபடத்தைத் தராசின் மேல் விரித்தபடி.

"கரட்டுப்பாளையமுங்க."

ஆறுச்சாமி பூதக்கண்ணாடியை எடுத்தார். வட்டத்தின் பென்சில் கோடு கரட்டுப்பாளையத்தின் மேலேயே ஏறிப் போயிருந்தது. மூன்று முகமும் இருண்டுவிட்டன.

"உங்க தோட்டம் இட்டேரித் தடத்துக்குக் கெழக்கயா, மேக்கயா?"

"தோட்டம் கெழக்க. கெணறு மட்டும் மேக்க. எதுக்குங்க கேக்கறீங்க?"

"கிழக்கு உள்ளே, மேற்கு வெளியே" என்றார் வள்ளிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு. "ஆக, செடி நம்முடையது, தண்ணீர் அந்நியமானது. ஒரு கத்திரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் என்பதை நாம் மறந்துவிடலாகாது."

"அப்ப இது தொண்ணூறு பங்கு வெளியூர்க் காயிங்களா?" என்றார் நாச்சிமுத்து.

மூவரும் தராசைச் சுற்றி நின்று யோசித்தார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்தார்கள். கடைசியில் நாச்சிமுத்துவுக்கே ஒரு யோசனை உதித்தது. "எண்ணெய்க் கத்திரிக்காய்தானுங்க செய்யப் போறோம். வதக்குனா தண்ணி பூராவும் ஆவியாப் போயிருமில்லீங்க? மிச்சம் நிக்கறது நம்ம ஊர்தானுங்களே."

வள்ளிநாயகம் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். மாராத்தாள் மூன்று கிலோ நிறுத்துப் போட்டாள்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. வள்ளிநாயகம் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை எடுத்து இரண்டாம் விதியை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, "அம்மணி, இதை எப்போது பறித்தீர்கள்?" என்று கேட்டார்.

"நேத்துச் சாயங்காலம் பொழுதோட பறிச்சதுங்க. பச்சுனு இருக்குது பாருங்க."

"நேற்று மாசி. இன்று பங்குனி. இது மாசிக் காய். பருவம் முடிந்துபோன காய்."

நாச்சிமுத்து கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். பங்குனியில் வருகிற சம்பந்திக்கு மாசிக் காயைப் போட்டு, அது வெளியே தெரிந்து, நான்காவது வரனும் போய்விட்டால் சுலோசனா முகத்தில் எப்படி முழிப்பது? மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

மாராத்தாள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். அவளுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு பொழுதுபோக்கு கிடைத்ததில்லை. "அப்படி மாசி பங்குனி பாக்கறவீங்க காயத் திருப்பிச் செடியில கட்டிப்போட்டு, இன்னிக்குப் பறிச்சுக்கோணும்" என்றாள், கிண்டலாகத்தான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு எளிதான வழி தங்களுக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தோட்டத்துக்குப் போனால் மூன்றாம் விதியும் நிறைவேறிவிடும், விளைந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததாகவும் ஆகிவிடும். மாராத்தாள் பக்கத்துக் கடைக்காரம்மாவிடம் கடையை ஒப்படைத்துவிட்டு, கீரை கட்ட வைத்திருந்த வாழைநார்க் கட்டையும் எடுத்துக்கொண்டு ஆறுச்சாமியின் காரில் ஏறினாள். இதை விட்டுவிட்டுக் கீரை விற்க அவளுக்கு மனம் வருமா?

தோட்டம் அரை ஏக்கர். ஐந்நூறு செடி இருக்கும். கார் போய் நின்றபோது மணி எட்டு. சும்மா ஏதோ ஒரு செடியில் கட்டிவிட ஆறுச்சாமி சம்மதிக்கவில்லை. "ஒரு காம்ப இன்னொரு செடியில கட்டறது அடுத்தவன் பூமிய நம்ம பேருல பட்டாப் போடற மாதிரி. முறையாப் பண்ணோணும்" என்றார்.

முறையாகப் பண்ணினார்கள். ஆறுச்சாமி ஒவ்வொரு செடியிலும் காய் பறித்த வெட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்வார். நாச்சிமுத்து காயின் காம்பை அதில் வைத்துப் பார்ப்பார். பொருந்தினால் வள்ளிநாயகம் நாரால் கட்டி, நோட்டில் வரிசை எண் போடுவார். மாராத்தாள் வரப்பில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்த வள்ளிநாயகம், காயும் செடியும் சேர்வதைக் கண்டு தாயுள்ளம் உருகுகிறது என்று நெகிழ்ந்து போனார்.

ஒன்பது மணிக்கு போன் வந்தது. நாச்சிமுத்து எடுக்கவில்லை. யாருடனும் பேச வேண்டாம் என்று மனைவி சொல்லியிருந்தாள் அல்லவா. பத்து மணிக்கு வந்தது. பதினொன்றுக்கு வந்தது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனாலும் சொன்ன சொல்லை மீறவில்லை.

பன்னிரண்டு மணிக்கு எழுபத்தோரு காய்கள் செடியில் தொங்கின. ஒன்றே ஒன்று மிச்சம். அந்த எழுபத்திரண்டாவது காய் எந்தச் செடியிலும் பொருந்தவில்லை.

"இது இந்தத் தோட்டத்துக் காயில்லை" என்றார் ஆறுச்சாமி. "எங்கிருந்தோ வந்து கலந்திருக்குது."

"அநாதை" என்றார் வள்ளிநாயகம்.

"அந்நியக் காய அந்தம்மா தோட்டத்துல விட்டுட்டுப் போகக்கூடாதுங்க" என்று நாச்சிமுத்து அதை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்போது ஆறுச்சாமியின் போன் அடித்தது. சுலோசனா விடாமல் தேடிப் பிடித்துவிட்டாள். ஆறுச்சாமி போனை நாச்சிமுத்துவின் காதில் வைத்தார்.

"ஏனுங்க, காய் எங்கீங்க?"

"செடியில இருக்குது சுலோசனா."

"இன்னும் பறிக்கவே இல்லீங்களா?"

"பறிச்சு, கட்டியாச்சு."

சுலோசனா பல்லைக் கடித்துக்கொண்டு, "அவீங்க வந்துட்டாங்க. எதையும் தொடாதீங்க. நின்னது நின்னபடிக்கு அப்படியே கெளம்பி வாங்க" என்றாள்.

நாச்சிமுத்து எதையும் தொடவில்லை. நின்றது நின்றபடிக்கு அப்படியே கிளம்பினார். மற்ற இருவரும் தொடர்ந்தார்கள். "நீங்க போங்க சாமி, காய நான் பாத்துக்கறேன்" என்று மாராத்தாள் வழியனுப்பினாள். சாயங்காலச் சந்தை எதுவும் உண்டா என்று அவள் யோசித்திருந்தால் அதில் தப்பு சொல்ல முடியாது.

வீட்டில் எண்ணெய்க் கத்திரிக்காய் மணத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண், ஒன்பதரைக்கே தெருமுனைக் கடையில் சொல்லி வாங்கிச் சமைத்து முடித்திருந்தாள். குழந்தைவேல் இரண்டாம் தடவை கத்திரிக்காய் போட்டுக்கொண்டிருந்தார். கவின் அடக்கமாக, வாயே திறக்காமல் சாப்பிட்டான். சுலோசனாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பையன் வாயைத் திறக்காதது அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

மண் ஒட்டிய காலோடு மூவரும் உள்ளே நுழைந்தார்கள். "காலையில இருந்து எங்க சம்பந்தி போயிட்டீங்க?" என்றார் குழந்தைவேல். சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் கயல்விழியின் முகம் மலர்ந்தது. சுலோசனா கண்ணால் கெஞ்சினாள். நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.

மாசி, பங்குனி, வட்டம், கிணறு, நார் என்று ஒன்று விடாமல் சொல்லி, கடைசியில் பைக்குள் கையை விட்டு அந்த ஒற்றைக் கத்திரிக்காயை எடுத்து மேஜை மேல் வைத்தார். நான்காவது வரனும் போயிற்று என்று சுலோசனா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

குழந்தைவேல் கையைக் கழுவிவிட்டு வந்தார். கத்திரிக்காயைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"கட்டுனதெல்லாம் சரி. கட்டுன பொறகு தண்ணி ஊத்துனீங்களா?"

மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். "கெணறு வட்டத்துக்கு வெளியில இருக்குதுங்க" என்றார் ஆறுச்சாமி மெதுவாக.

"அதுக்குன்னு எழுபத்தோரு காய வெயில்ல வாட உடறதா? இந்த ஊட்டுத் தண்ணிய எடுத்துட்டுப் போலாம் வாங்க." குழந்தைவேல் மூலையில் இருந்த குடிநீர்க் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டார். அந்தக் கேன் தண்ணீர் எந்த ஊரில் இருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான்கு பேரும் தடதடவென்று படியிறங்கி, காரேறிப் போனார்கள்.

கவினின் அம்மா மோரை ஊற்றிக்கொண்டே, "உங்கூட்டுக்காரர் எத்தன வருசமா இப்படிங்க?" என்று கேட்டார்.

"கட்டுன நாள்ல இருந்துங்க."

"எங்கூட்டுலயும் அப்படித்தானுங்க. நம்ம பையனாச்சும் என்னைக் கொண்டு பொறந்தானேன்னு நெனச்சுக்குவேன்."

சுலோசனா மனம் நிறைந்து கவினைப் பார்த்தாள். கவின் இலையை மூடிவிட்டு எழுந்தான். மேஜை மேல் கிடந்த ஒற்றைக் கத்திரிக்காயை இரண்டு கையாலும் பதமாக எடுத்தான். வந்ததில் இருந்து முதல் முறையாக வாயைத் திறந்தான்.

"இதுக்குச் சொந்தச் செடி கெடைக்கற வரைக்கும், பால்கனியில இருக்கற துளசிச் செடியில கட்டி வெக்கலாமுங்களா அத்தை?"

சுலோசனா பதில் சொல்வதற்குள், கயல்விழி தலையில் இருந்த மல்லிகைச் சரத்தில் இருந்து நாரை உருவி வெட்கத்தோடு அவனிடம் நீட்டினாள்.