பொட்டலைக் கடந்த கல்யாணக் கூட்டம்

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஓடையூருக்கும் புளிச்சுனைக்கும் நடுவே ஒரு பெரிய பொட்டல் கிடந்தது. மலையைச் சுற்றி வண்டிப்பாதையில் போனால், விடியலில் கிளம்பியவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் போய்ச் சேருவார். பொட்டலில் குறுக்கே நடந்தால் வெயில் உச்சிக்கு வருமுன் புளிச்சுனையில் கைகால் கழுவிவிடலாம். ஆனால் அங்கே தடம் என்று ஒன்று கிடையாது. தரையெல்லாம் கூழாங்கல். அந்தக் கல்லுக்கு நடுவேதான் தரையில் முட்டையிடும் பறவைகள் எல்லாம் குடியிருந்தன.

அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். நீண்ட மஞ்சள் கால் கொண்ட ஒரு குருவி முன்னால் போகும். கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். அது போன இடத்தில் கால் வைத்து ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். மிதித்த இடத்தையே மறுபடி மிதிக்காமல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பக்கமாக அது கூட்டிப்போகும். வழிக்குருவி என்று பேர். அதிர்ந்து பேசத் தெரியாத சாது. கூலி எதுவும் கேட்டதில்லை. குஞ்சு குருமானை மிதிக்காமல் போனால் போதும் என்று மட்டும் சொல்லும்.

ஓடையூர் கொம்பையாவுக்கு அந்தக் குருவி கடவுள் மாதிரி. அவன் பெண்டாட்டி பிள்ளை பெற முடியாமல் துடித்தபோது, கொட்டுகிற மழையில் புளிச்சுனை மருத்துவச்சியைப் பொட்டல் வழியாகக் கூட்டிவந்து விட்டது அதுதான். அன்று பிறந்தவள் செண்பகம். அவளுக்குத்தான் இப்போது புளிச்சுனையில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே ஓடையூருக்கு வந்து தங்கியிருந்தார்கள். காலையில் கூட்டம் புறப்படுமுன் ஒருவர் போய்க் குருவியிடம் சொல்லிவைப்பது வழக்கம். கொம்பையாவே போனான். குருவி பொட்டலின் ஓரத்தில் நாலு முட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் துணையைப் போன மாதம்தான் பருந்து தூக்கிப்போயிருந்தது.

"வாரேன் அண்ணாச்சி. நம்ம செம்பகம் கல்யாணத்துக்கு வராம இருப்பனா?" என்றது குருவி. "ஆனா வெயிலு இப்பவே கொதிக்கி. முட்டை வெந்துரும். சுனைக்குப் போயி வயித்த நனைச்சிட்டு வந்து, இதுகள கொஞ்சம் குளுர வச்சிட்டுக் கெளம்புதேன். அதுவரைக்கும் பாத்துக்கிடுதியா? அவரு இருந்தா ஒங்கிட்ட கேக்க மாட்டேன்."

"போயிட்டு வா தாயி. நான் நிக்கேன்லா," என்றான் கொம்பையா.

முட்டைகள் கூழாங்கல்லோடு கல்லாகக் கிடந்தன. காட்டினால் ஒழிய யார் கண்ணிலும் படாது. கொம்பையா மேல்துண்டை விரித்துப் பிடித்து அவற்றுக்கு நிழல் காட்டிக்கொண்டு நின்றான். உண்மையாகவே நின்றான், அதில் குறை சொல்வதற்கில்லை.

கொஞ்ச நேரத்தில் மேளச்சத்தம் கேட்டது. சீர்ப்பானை சுமந்த பெண்கள், வாழைத்தார் ஏற்றிய மாடுகள், அலங்கரித்த செண்பகம், எல்லாருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா நயினார். வெறுந்தரைக்குத் துண்டால் நிழல் பிடித்து நிற்கிற சம்பந்தியைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார்.

"என்ன சம்மந்தி, தரைக்குக் குடை பிடிக்கீரு? குருவி எங்க?"

"இப்ப வந்துரும். சுனைக்குப் போயிருக்கு. செத்த நேரம்..."

"நல்லாருக்குவே. குருவி குளிச்சி முழுவி வாரதுக்குள்ள முகூர்த்தம் போயிரும். இத்தன வருசம் நடந்திருக்கீரு, ஒமக்கு வழி தெரியாதா? இல்ல, குருவி கையப் பிடிச்சித்தான் நடப்பீரா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொம்பையாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இங்கே முட்டை இருக்கிறது, நான் காவல் நிற்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் பெண்ணைக் கொடுக்கிற இடம். குருவி முட்டைக்குக் காவல் நின்றவன் மகள் என்று காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்களே என்று நினைத்தான். நல்ல மனிதன்தான். ஆனாலும் நாலு பேர் சிரிப்புக்கு முன்னால் அவனுடைய நல்லதனம் நிற்கவில்லை.

"வழி தெரியும், வாங்க," என்று துண்டை உதறித் தோளில் போட்டான்.

முன்னால் நடந்தான். முட்டை இருந்த இடத்தை அவன் மட்டும் இரண்டு எட்டு விலகிச் சுற்றிப் போனான். பின்னால் வந்தவர்கள் வரிசையாகவா வந்தார்கள்? குருவி இல்லை, கட்டுப்பாடும் இல்லை. கை கோத்துக்கொண்டு, பேசிக்கொண்டு, பொட்டலை அடைத்துக்கொண்டு வந்தார்கள். மாடுகளும் வந்தன. கொம்பையா திரும்பிப் பார்க்கவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்ததால் எந்தச் சத்தமும் அவன் காதில் விழவில்லை. அதுவே அவனுக்கு அப்போது வசதியாக இருந்தது.

தாலி கட்டியாயிற்று. பந்தியில் கொம்பையா பாதி இலையில் எழுந்தான். கூட்டத்தை விட்டு ஒற்றையாகப் பொட்டலுக்குத் திரும்பினான். குருவி அங்கேதான் இருந்தது. நனைத்து வந்த வயிறு காய்ந்துபோயிருக்க, உடைந்த ஓடுகள் மேல் உட்கார்ந்திருந்தது. அழுது அழுது கண்ணோரம் சிவந்து தடித்திருந்தது.

"நீ இங்க இல்லியோன்னு நெனைச்சேன் அண்ணாச்சி," என்றது. "ஏதும் ஆபத்து, அதான் போயிட்டேன்னு நெனைச்சேன். ஆனா ஒன் காலடி மட்டும் சுத்திப் போயிருக்கு."

கொம்பையா குனிந்துகொண்டான்.

"தெரிஞ்சிதான் வெலகியிருக்க. ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா? ஒரே ஒரு சத்தம்."

"சம்மந்தி வீட்டு ஆளுக தாயி. சிரிப்பாங்கன்னு..."

ஒரே ஒரு சத்தம் என்றதுதான் குருவி மனிதனோடு பேசிய கடைசிப் பேச்சு.

கல்யாணக் கூட்டம் மிதித்த இடம் அப்படியே தடமாகிவிட்டது. மறுநாளே ஆட்கள் அதில் நடக்க ஆரம்பித்தார்கள். வழி காட்ட இனி யாரும் வேண்டியிருக்கவில்லை. செண்பகத்தின் மறுவீட்டுக்குச் சீர் சுமந்து கொம்பையாவும் அதே தடத்தில்தான் போனான். அவன் பொட்டலில் கால் வைத்ததும் குருவி எழும்பி, அவன் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றித் தொண்டை கிழியக் கத்தியது. அவன் அக்கரை சேரும்வரை விடவில்லை.

அன்று முதல்தான், பொட்டலில் யார் கால் வைத்தாலும், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கொம்பையா போடாத அந்தச் சத்தத்தை அந்தக் குருவி போட்டுக்கொண்டிருக்கிறது. வருகிற ஆளைக் காட்டிக்கொடுக்கிறதாம்; அதனால் மனிதர்கள்தான் அதற்கு ஆள்காட்டி என்று பேர் வைத்தார்கள்.