வருகிறவனுக்கு ஒரு சொல்

"தீர்க்கதரிசனம் சொன்னவர் அது நடந்ததைப் பார்க்கவில்லை. கேட்டவர்களும் பார்க்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளும் பார்க்காமலேயே செத்துப் போனார்கள். இதில் எங்கே இருக்கிறது நம்பிக்கை?"

ஏசுவடியான் இப்படிக் கேட்டபோது கிருபாவதி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

ஏசுவடியான் வேதாகமக் கல்லூரியில் தீர்க்கதரிசனங்களைக் கற்பித்தவர். இளமையில் தொடங்கி, ஓய்வு பெறும்வரை அதையே கற்பித்தார். கிருபாவதி அவரிடம் படித்தவர். இப்போது மலையடிவாரத்தில், மருத்துவர்கள் கைவிட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறிய ஆசிரமத்தை நடத்துகிறார்.

அந்த ஆண்டு ஏசுவடியானின் மனைவி இறந்துபோனார். கல்லறையில் போதகர் வாசித்த வசனங்கள் எல்லாமே அவருக்கு மனப்பாடம். எந்த அரசனின் காலத்தில் சொல்லப்பட்டது, மூலமொழியில் என்ன சொல் என்றெல்லாம் அவரால் சொல்ல முடியும். ஆனால் அன்றைக்கு ஒரு வசனமும் உள்ளே இறங்கவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிருபாவதியைத் தேடி பஸ் ஏறிவிட்டார்.

"இனிமேல் நீங்கள் ஆசிரியர். நான் மாணவன்," என்றார்.

கிருபாவதி மறுக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

"கடைசி அறை ஐயா. ஞானப்பூ அம்மாள். சூடு பார்த்துக் கொடுங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

"கஞ்சி ஆறிரும்."

ஞானப்பூ அம்மாளுக்கு வயிற்றில் கட்டி. நாலு கரண்டிக்கு மேல் இறங்காது. கஞ்சி குடித்து முடித்ததும், "ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது. ஏதாவது வாசிங்களேன்," என்றார்.

ஏசுவடியானுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. இருட்டில் கிடந்த ஜனங்களுக்கு வெளிச்சம் வரும் என்று தீர்க்கதரிசி சொன்னதையும், பிறக்கப்போகிற ஒரு பிள்ளையைப் பற்றி அவர் சொன்னதையும் பழக்கத்தில் சொல்லிக்கொண்டு போனார்.

ஞானப்பூ அம்மாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"இதச் சொன்னவரு அந்தப் பிள்ளையக் கண்ணால பாத்தாரா?"

"இல்லம்மா. அவர் இறந்து பல தலைமுறை கழிச்சுத்தான் பிள்ளை பிறந்தது."

"பாக்காமலா இம்புட்டுச் சந்தோசமாச் சொல்லியிருக்காரு!"

ஏசுவடியான் அந்த வரிகளை வருடக்கணக்காக அலசியிருக்கிறார். அதில் சந்தோஷம் இருப்பதை ஒருநாளும் கவனித்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவரே கஞ்சி கொண்டுபோனார்.

ஒருநாள் அம்மாள் தன் மகனைப் பற்றிச் சொன்னார்.

பெயர் பாக்கியசிங். குடித்துவிட்டு, தங்கை லீதியாளைப் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டினான். வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. லீதியாள் அங்கேயே இறந்தாள். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து எங்கேயோ போய்விட்டான். தங்கையின் அடக்கத்துக்குக்கூட வரவில்லை. அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

"அவன் வருவான் ஐயா. வந்தா ஒண்ணு சொல்லணும். நீங்க சொல்லுவீங்களா?"

ஏசுவடியான் எழுந்து நேராகக் கிருபாவதியிடம் போனார்.

"அவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சாகப்போகிறவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டாமா?"

"சொல்லுங்க ஐயா."

"நானா?"

"உங்களத்தான கேட்டிருக்காங்க."

அவர் திரும்பிப் போனார். கட்டிலருகே நின்றுகொண்டே சொன்னார்.

"அம்மா, அவன் வராமலே போகலாம்."

"போகலாம்."

"வந்தாலும், அப்போது நீங்கள் இல்லாமல் போகலாம்."

"அதுக்குத்தான் உங்ககிட்டச் சொல்லுதேன். நான் இருந்தா நானே சொல்லிர மாட்டேனா?"

ஏசுவடியான் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா."

"மொதல்ல, 'ஏல, சாப்பிட்டியா'ன்னு கேளுங்க."

"'ஏல' என்றா?"

"அப்பதான் என் குரல் அவனுக்குக் கேக்கும். பெறகு சொல்லுங்க. லீதியா செத்தது ஒன்னாலதான். அத அம்மா இல்லன்னு சொல்லல. ஆனா நீ வந்து காலப் பிடிச்சு அழுதபெறகு ஒன்ன மன்னிக்கணும்னு நான் வச்சிருக்கல. நீ ஓடிப்போன அன்னைக்கே மன்னிச்சாச்சு. நீ வந்து எடுத்துக்கிட வேண்டியதுதான் பாக்கி."

சொல்லி முடித்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எங்க, ஒருதரம் சொல்லுங்க பாப்போம்."

ஏசுவடியான் சொன்னார். அம்மாள் விடவில்லை. ஒரு சொல் மாறினாலும் திருத்தினார். வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் பையனைப் போல அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அந்த வாரமே ஞானப்பூ அம்மாள் இறந்தார். கார்த்திகை மழை பெய்துகொண்டிருந்தது. ஆசிரமத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

மறுநாள் காலையில் ஏசுவடியான் பையோடு வந்து நின்றார்.

"போயிட்டு வர்றேன்."

"நல்லது ஐயா. அம்மா சொன்னதை யார்கிட்டக் கொடுத்துட்டுப் போறீங்க?"

"நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்."

"அவங்க என்கிட்டச் சொல்லலியே."

ஏசுவடியான் வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து, பையைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

கிறிஸ்துமஸ் வந்தது. வெயில்காலம் வந்தது. அவர் நோயாளிகளுக்குத் துணி துவைத்தார், கஞ்சி ஊட்டினார், கேட்டவர்களுக்கு வாசித்தார். தினமும் காலையில் தோட்டத்தில் நடந்துகொண்டே அம்மாள் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். ஒரு சொல்லும் நழுவிவிடக் கூடாது என்ற பயம்.

வாசலில் யார் காலடி கேட்டாலும் எட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் கிருபாவதியிடம் கேட்டார்.

"அவன் வருவதற்குள் நான் போய்விட்டால்?"

"யாருக்காவது சொல்லிக்கொடுத்துட்டுப் போங்க."

அவர் சிரித்தார். மனைவி இறந்தபிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலையில், வாசலில் ஒருவன் நின்றிருந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இங்க ஞானப்பூன்னு ஒருத்தங்க... ஊர்ல போய்க் கேட்டேன். இங்க கொண்டாந்து விட்டதாச் சொன்னாங்க."

ஏசுவடியான் கேட்டருகே வந்தார்.

"நீங்க பாக்கியசிங்கா?"

தன் பெயரைக் கேட்டதும் அவன் ஓரடி பின்னால் வைத்தான். திரும்பிப் போய்விடுவான் போலிருந்தது.

கல்லூரியில் ஒரு மாணவனைக்கூட ஒருமையில் அழைத்தறியாத ஏசுவடியான் உரக்கக் கேட்டார்.

"ஏல, சாப்பிட்டியா?"

அவன் அப்படியே நின்றான்.

"அம்மா போய்ட்டாங்க. ஆனா உனக்குச் சொல்லச் சொல்லி என்கிட்ட ஒண்ணு குடுத்திருக்காங்க."

மழையிலேயே நின்று, ஒரு சொல் குறையாமல் சொன்னார். லீதியாளின் பெயர் வந்தபோது அவன் முகத்தை மூடிக்கொண்டான். "ஓடிப்போன அன்னைக்கே" என்றபோது வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கிருபாவதி தட்டில் சோறு போட்டு எடுத்து வந்திருந்தார். அவரும் நனைந்துகொண்டே நின்றார்.

பிறகு அவன் தலையைத் தூக்கினான்.

"அம்மா இத எப்ப சொன்னாவ?"

"போன கார்த்திகையில."

"போன கார்த்திகையிலயா? அப்ப எனக்கு வரணும்ங்கிற நெனப்பே இல்லியே. அம்மா மொகமே ஞாபகம் வரக்கூடாதுன்னுல்லா குடிச்சிட்டுக் கெடந்தேன். நான் எங்க கெடக்கேன்னு ஒருத்தருக்கும் தெரியாதே. நான் வாரதுக்கு முன்னாலயே எனக்குச் சொல்லி வச்சிட்டாவளா?"

சொன்னவர் பார்க்கவில்லையே என்று வந்த அன்றைக்குத் தான் கேட்டது ஏசுவடியானுக்கு நினைவு வந்தது.

புனிதமான இடத்தில் நிற்பவரைப் போல அவர் குனிந்து, ஈரமண்ணில் நின்றபடியே தம் செருப்புகளைக் கழற்றினார்.